லினக்ஸில் ஓடும் சி நிரல் பிஎஸ்டி, மேக், ஆல்பைனில் தடுமாறுகிறது: எங்கிருந்து தொடங்குவது?

சாளரமில்லாதவன்

வேறொருவர் எழுதி இப்போது என் பொறுப்பில் இருக்கும் சி நிரல், ஏறத்தாழ 14,000 வரி. டிசிபி வழியாக வரும் பைனரி செய்திகளைப் பிரித்துக் கோப்பில் எழுதும் சர்வர். இணைப்புக்கு ஒரு திரெட். எக்ஸ்86-64 லினக்ஸ், ஜிசிசி கம்பைலர், ஜிலிப்சி என்ற சி லைப்ரரி தவிர வேறெதையும் அது பார்த்ததில்லை. மேக்ஃபைலில் -எஸ்டிடி=சி99, -ஓ2 மட்டும்தான். கம்பைல் செய்தால் முப்பது நாற்பது வார்னிங் ஓடும், ஆனால் வேலை ஒழுங்காக நடக்கிறது.

இதையே ஆர்ம்64 லினக்ஸ், ஆல்பைன் (ஜிலிப்சிக்குப் பதில் மஸில் என்ற சி லைப்ரரி கொண்ட லினக்ஸ்), ஃப்ரீபிஎஸ்டி, ஓப்பன்பிஎஸ்டி, ஆப்பிள் சிலிக்கான் மேக் ஆகியவற்றிலும் ஓட்ட வேண்டும். இப்போதைய நிலவரம்:

1. ஆர்ம்64 லினக்ஸ்: கம்பைல் ஆகிறது. ஓட்டினால் ஒரு கோர் 100 சதவீதத்தில் நிற்கிறது, திரையில் எதுவும் வருவதில்லை. ஜிடிபியில் நிறுத்திப் பார்த்தால், கமாண்ட் லைன் ஆப்ஷன்களைப் படிக்கும் கெட்ஆப்ட் லூப்பை விட்டு வெளியே வரவே இல்லை.

2. ஃப்ரீபிஎஸ்டி: மேக் கொடுத்தால் மேக்ஃபைலின் இஃப்ஈக்யூ வரியிலேயே நின்றுவிடுகிறது. ஜிமேக் கொடுத்தால் மல்லாக்.ஹெச் எரர் தருகிறது. அந்த வரியை நீக்கினால் சாக்அடர்_இன் முழுமையற்ற டைப் என்கிறது.

3. ஆல்பைன்: முதல் இணைப்பு வந்ததுமே செக்ஃபால்ட். ஜிலிப்சி லினக்ஸில், நினைவகப் பிழை தேடும் வால்கிரைண்ட் எதுவும் சொல்வதில்லை.

4. ஆல்பைன்: லாக்கில் பிழைக் காரணம் வர வேண்டிய இடத்தில் "(நல்)" என்று வருகிறது. அந்த லாக் கோப்பில் மட்டும் _க்னூ_சோர்ஸ் மேக்ரோ இருக்கிறது.

5. ஜிசிசி 14 உள்ள லினக்ஸ்: வார்னிங்காக இருந்ததெல்லாம் எரர் ஆகிவிட்டது. முதலில் நிற்பது ஸ்ட்ர்டூப்.

தற்போது "லினக்ஸ் என்றால் இது, ஃப்ரீபிஎஸ்டி என்றால் அது" என்று இஃப்டெஃப் போட்டுக்கொண்டு போகிறேன். நாலு கோப்பு முடிவதற்குள் நிரலைப் படிக்கவே முடியவில்லை. எந்த வரிசையில் போனால் நல்லது?

---

நெடுங்கணக்கு

இஃப்டெஃப் போடுவதை முதலில் நிறுத்துங்கள். உங்கள் ஐந்தில் மூன்று, சிஸ்டம் வேறுபாடே இல்லை. நிரலில் ஏற்கெனவே இருந்த பிழையை எக்ஸ்86 லினக்ஸ் கண்டுகொள்ளாமல் விட்டிருக்கிறது, அவ்வளவுதான்.

ஒன்றாவதைப் பாருங்கள். கெட்ஆப்ட் திருப்பித் தரும் மதிப்பை எந்த மாறியில் வாங்குகிறீர்கள்? நிச்சயம் அது "சார்" டைப்பாக இருக்கும். "சார்" குறியுள்ளதா (எதிர்மறை எண்ணும் கொள்ளுமா) குறியற்றதா என்பதை சி தரநிலை கம்பைலரிடமே விட்டுவிட்டது. எக்ஸ்86 லினக்ஸில் குறியுள்ளது. ஆர்ம், பவர்பிசி, எஸ்390எக்ஸ் லினக்ஸில் குறியற்றது. ஆப்ஷன் தீர்ந்ததும் கெட்ஆப்ட் -1 தருகிறது. குறியற்ற சாரில் அது 255 ஆகிவிடும். 255ஐ -1 உடன் ஒப்பிட்டால் என்றைக்கும் சமமாகாது, லூப்பும் முடியாது. மாறியை இன்ட் ஆக மாற்றினால் தீர்ந்தது.

கெட்கார், எஃப்கெட்சி வரும் இடங்களையும் இதே கையோடு தேடுங்கள். அங்கே பிழை இரு பக்கமும் கடிக்கும்: குறியற்ற சாரில் ஈஓஎஃப் (கோப்பு முடிவுக் குறி) தட்டுப்படவே படாது, குறியுள்ள சாரில் தரவுக்குள் 255 என்ற பைட் வந்தாலே கோப்பு முடிந்ததாக நினைத்து நிறுத்திவிடும். பைனரி செய்தி கையாளும் நிரலில் இரண்டாவது இன்னும் மோசம், ஏனென்றால் அது எக்ஸ்86இலேயே தரவைத் தின்றுகொண்டிருக்கலாம்.

அடுத்தது இஸ்ஸ்பேஸ், டோலோயர் குடும்பம். சாரை நேராகக் கொடுக்கக் கூடாது. 128 அல்லது அதற்கு மேற்பட்ட பைட், குறியுள்ள சாரில் எதிர்மறை எண்ணாகி, அட்டவணைக்கு வெளியே படிக்கும். ஜிலிப்சி -128 வரை இடம் விட்டு வைத்திருப்பதால் அங்கே தெரியாது. மற்ற லைப்ரரிகளிடம் அந்தச் சலுகையை எதிர்பார்க்காதீர்கள். அன்சைன்ட் சார் ஆக காஸ்ட் செய்துவிட்டுக் கொடுங்கள்.

இதைச் சோதிக்க ஆர்ம் பெட்டி வேண்டியதில்லை. உங்கள் எக்ஸ்86 மெஷினிலேயே -எஃப்அன்சைன்ட்-சார் கொடுத்துக் கட்டி, உங்கள் சோதனைகளை ஓட்டுங்கள். ஆர்மில் வரும் தொங்கல் அப்படியே வரும். அந்தக் கொடியையோ அதன் எதிர்க்கொடியையோ நிரந்தரத் தீர்வாக மேக்ஃபைலில் வைக்க வேண்டாம்; நாளைக்கு வேறொருவர் வேறு கொடியோடு கட்டினால் பழைய கதைதான்.

ஐந்தாவது. ஜிசிசி 14, கிளாங் 16 இரண்டும் அறிவிக்கப்படாத ஃபங்ஷனை அழைப்பதை எரர் ஆக்கிவிட்டன. ஜிசிசி 14இல் பாயிண்டரையும் இன்ட்டையும் காஸ்ட் இல்லாமல் கலப்பது, பொருந்தாத பாயிண்டர் டைப் இவையும் எரர்தான். இதற்கு -எஃப்பெர்மிசிவ் போட்டு வாயை மூடுவது வழி அல்ல. ஸ்ட்ர்டூப் என்ன ஆகிறது என்று பாருங்கள். -எஸ்டிடி=சி99 என்றால் ஜிலிப்சி தூய ஐஎஸ்ஓ சி பெயர்களை மட்டுமே காட்டும். ஸ்ட்ர்டூப் அப்போது சி தரநிலையில் இல்லை, போசிக்ஸில்தான் (யூனிக்ஸ் வகை சிஸ்டங்களுக்கான பொதுத் தரநிலை) இருந்தது. ஆகவே ஸ்ட்ரிங்.ஹெச் சேர்த்திருந்தும் அறிவிப்பு கிடைக்காது. அறிவிப்பு இல்லாத ஃபங்ஷன் இன்ட் தருவதாகக் கம்பைலர் எடுத்துக்கொள்கிறது. 64 பிட் முகவரியின் கீழ் 32 பிட்டை மட்டும் வைத்துக்கொண்டு, குறியை நீட்டிப் பாயிண்டர் ஆக்குகிறது.

இத்தனை நாள் இது ஓடியதற்குக் காரணம், பிஐஇ (எந்த முகவரியிலும் ஏற்றக்கூடிய நிரல் வடிவம்) இல்லாமல் கட்டிய நிரலில் ஹீப் பெரும்பாலும் 2 ஜிபிக்குக் கீழேயே தொடங்கும். வெட்டினாலும் முகவரி கெடாது. பிஐஇ இயல்பாக உள்ள லினக்ஸில் கட்டினால் ஹீப் வெகு மேலே போய்விடும், அன்றைக்கே விழும். பழைய மேக்ஃபைலில் எங்காவது -நோ-பை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதை ஏன் போட்டார்கள் என்பது இப்போது விளங்கும்.

வரிசை கேட்டீர்கள். எந்தப் புதிய சிஸ்டத்தையும் தொடுவதற்கு முன், லினக்ஸிலேயே ஜிசிசி, கிளாங் இரண்டிலும் -டபிள்யூஆல், -டபிள்யூஎக்ஸ்ட்ரா போட்டு வார்னிங்கைச் சுழியாக்குங்கள். -எஸ்டிடி கொடியை எப்போதும் வெளிப்படையாகக் கொடுங்கள். ஜிசிசி 15இல் இயல்பு சி23 தரத்துக்கு மாறிவிட்டது. அதில் பூல், ட்ரூ, ஃபால்ஸ் மூன்றும் மொழியின் சொந்தச் சொற்கள், வெற்று அடைப்புக்குறி என்றால் "ஆர்க்யுமென்ட் எதுவும் கிடையாது" என்று பொருள். பூல் என்று தானே டைப்டெஃப் செய்துகொண்ட பழைய நிரல்கள் அங்கே வரிசையாக விழும்.

---

லிங்கர்லிங்கம்

ரெண்டாவது பிரச்சினைக்கு நான் வர்றேன்.

மல்லாக்.ஹெச் எங்கே இருந்தாலும் தூக்கிடுங்க. மல்லாக் இருக்கிறது எஸ்டிடிலிப்.ஹெச்ல. ஃப்ரீபிஎஸ்டி அந்தப் பேர்ல ஒரு கோப்பை வெச்சிருக்கிறதே "இது இல்லை, எஸ்டிடிலிப்.ஹெச் போடு"ன்னு எரர் சொல்றதுக்குத்தான். அதே மாதிரி அலோகா.ஹெச் பிஎஸ்டியில கிடையாது.

சாக்அடர்_இன் விஷயம் வேற. நீங்க அர்பா/இனெட்.ஹெச் மட்டும் போட்டிருப்பீங்க. ஜிலிப்சியில அது உள்ளுக்குள்ள நெட்இனெட்/இன்.ஹெச்சையும் இழுத்துட்டு வரும், அதனால தெரியாது. ஃப்ரீபிஎஸ்டியில இழுக்காது. போசிக்ஸ் பக்கத்துல ஒவ்வொரு ஃபங்ஷனுக்கும் எந்த ஹெடர்னு எழுதியிருக்கும், அதை நேரடியா போடுங்க. அடிக்கடி மாட்டுறது: ஸ்ட்ர்கேஸ்கம்ப்புக்கு ஸ்ட்ரிங்ஸ்.ஹெச், டபிள்யூஎக்ஸிட்ஸ்டேட்டஸுக்கு சிஸ்/வெயிட்.ஹெச், பேஸ்நேமுக்கு லிப்ஜென்.ஹெச். இந்தக் கடைசி ஆளு ஒரு மாதிரி. ஜிலிப்சியில ரெண்டு பேஸ்நேம் இருக்கு. ஸ்ட்ரிங்.ஹெச் + _க்னூ_சோர்ஸ் தர்றது கொடுத்த சரத்தைத் தொடாது. லிப்ஜென்.ஹெச் தர்றது சரத்தையே மாத்தலாம். மஸில் 1.2.5லேர்ந்து ஸ்ட்ரிங்.ஹெச்ல அந்த அறிவிப்பையே எடுத்துட்டாங்க. கடைசி சாய்கோட்டை ஸ்ட்ர்ஆர்கார் வெச்சு நீங்களே கண்டுபிடிச்சுக்கிட்டா தலைவலியே இல்லை.

அடுத்தது மேக்ரோ. ஒரு கோப்புல _க்னூ_சோர்ஸ், மத்ததுல இல்லைங்கிறது ஆபத்தான நிலைமை. 32 பிட் லினக்ஸ்ல _ஃபைல்_ஆஃப்செட்_பிட்ஸ்=64ஐ இப்படிப் பாதிக் கோப்புக்கு மட்டும் போட்டீங்கன்னா, ஆஃப்_டி ஒரு கோப்புல 4 பைட், இன்னொண்ணுல 8 பைட். ரெண்டும் ஒரே ஹெடர்ல இருக்கிற ஸ்ட்ரக்டைப் பாக்கும், ஆனா ஃபீல்டுகள் வேற வேற இடத்துல இருக்கும். கம்பைலரும் சொல்லாது, லிங்கரும் சொல்லாது. அதனால இந்த மேக்ரோ எல்லாம் மேக்ஃபைலோட சிபிபிஃப்ளாக்ஸ் மாறியிலயே வரணும், எல்லாக் கோப்புக்கும் ஒண்ணா. கோப்புக்குள்ளதான் எழுதணும்னா முதல் இன்க்ளூடுக்கு முன்னாடி. ரெண்டாவது வரியில போட்டா ஜிலிப்சி சத்தமில்லாம கண்டுக்காது.

இங்க ஒரு முரண் இருக்கு, நிறைய பேர் மாட்டுவாங்க. லினக்ஸ்ல _போசிக்ஸ்_சி_சோர்ஸ்=200809எல் போட்டா, -எஸ்டிடி=சி99 மறைச்சு வெச்ச பெயர்கள் கிடைக்கும். ஃப்ரீபிஎஸ்டியிலயும் மேக்லயும் எதுவும் போடாம இருந்தா எல்லாமே தெரியும். அதே மேக்ரோவைப் போட்டா போசிக்ஸ்ல இல்லாதது எல்லாம் மறைஞ்சுடும். ஸ்ட்ர்எல்சிபிஒய் காணாமப் போறது இதனாலதான். அப்ப மேக்ல _டார்வின்_சி_சோர்ஸ், நெட்பிஎஸ்டியில _நெட்பிஎஸ்டி_சோர்ஸ், இல்லுமோஸ்ல __எக்ஸ்டென்ஷன்ஸ்__ இதெல்லாம் சேர்க்கணும். என் பரிந்துரை: -எஸ்டிடி=க்னூ11, எல்லா இடத்துலயும் _க்னூ_சோர்ஸ். பிஎஸ்டிகளுக்கு அது ஒண்ணும் பண்ணாது, எல்லாம் தெரியிற இயல்பு நிலை அப்படியே இருக்கும்.

மேக்ஃபைல். இஃப்ஈக்யூ, ஷெல் ஃபங்ஷன் ரெண்டும் க்னூ மேக் மட்டும் புரிஞ்சுக்கிறது. ரெண்டு வழி. க்னூ மேக்தான் வேணும்னா கோப்போட பேரை க்னூமேக்ஃபைல்னு மாத்திடுங்க; க்னூ மேக் அதைத்தான் முதல்ல தேடும், பிஎஸ்டி மேக் அதைத் தொடவே தொடாது. அப்ப புரியாத சிண்டாக்ஸ் எரர் வராது, "இலக்கே இல்லை"ன்னு நேரா சொல்லும். இல்லேன்னா நிபந்தனை எல்லாத்தையும் மேக்ஃபைல்லேர்ந்து வெளியே எடுத்து ஒரு சின்ன ஷெல் ஸ்க்ரிப்ட்ல போடுங்க, அது மாறிகளை மட்டும் கான்ஃபிக்.எம்கே-ல எழுதட்டும். நான் ரெண்டாவது கட்சி. அந்த ஸ்க்ரிப்ட்டை /பின்/எஸ்ஹெச்-க்கு எழுதுங்க, பேஷுக்கு இல்லை. பிஎஸ்டியில பேஷ் தனியா நிறுவணும், அப்பவும் அது /பின்ல இருக்காது. செட் (எஸ்இடி) -ஐ, எக்கோ -என் ரெண்டையும் தவிருங்க. ஜிசிசின்னு நேரா எழுதாம சிசி மாறியை வெச்சுக்கோங்க. ஃப்ரீபிஎஸ்டி, ஓப்பன்பிஎஸ்டி, மேக் எல்லாத்துலயும் அடிப்படைக் கம்பைலர் கிளாங். மேக்ல ஜிசிசின்னு அடிச்சாலும் ஓடுறது கிளாங்தான்.

லைப்ரரி: -எல்டிஎல்-ஐ நிரந்தரமா எழுதாதீங்க. ஓப்பன்பிஎஸ்டியில அப்படி ஒரு லைப்ரரியே இல்லை, லிங்க் நின்னுடும். ஜிலிப்சி 2.34லேர்ந்து டிஎல்ஓப்பன், பிதிரெட் எல்லாம் லிப்சிக்குள்ளயே போயிடுச்சு. திரெடுக்கு -எல்பிதிரெட் வேண்டாம், -பிதிரெட் கொடுங்க, கம்பைலுக்கும் லிங்க்குக்கும் ரெண்டு இடத்துலயும். லைப்ரரிகள் ஆப்ஜெக்ட் கோப்புகளுக்குப் பின்னாடிதான் வரணும்.

இன்னொண்ணு, ஜிசிசி 10லேர்ந்து -எஃப்நோ-காமன் இயல்பு. ஹெடர்ல எக்ஸ்டெர்ன் இல்லாம குளோபல் மாறி எழுதியிருந்தா "பலமுறை வரையறை"ன்னு லிங்கர் நிக்கும். ஹெடர்ல எக்ஸ்டெர்ன், ஒரே ஒரு .சி கோப்புல வரையறை.

மேக்ல கோப்பு முறைமை இயல்பா பெரிய எழுத்து சின்ன எழுத்து பாக்காது. உங்க நிரல்ல டைம்.ஹெச்னு பெரிய எழுத்துல தொடங்குற சொந்த ஹெடர் இருந்து, அந்த ஃபோல்டரை -ஐ கொடியில கொடுத்திருந்தா, சிஸ்டம் ஹெடருக்குப் பதிலா அது உள்ளே வரும். எரர் எங்கேயோ வரும், ஒரு மண்ணும் புரியாது.

---

ஓட்டைபஃபர்

மூன்றும் நான்கும்.

மூன்று: திரெட் ஃபங்ஷனுக்குள் பெரிய லோக்கல் அர்ரே இருக்கும், பாருங்கள். மஸிலில் புதுத் திரெடுக்கு இயல்பாகக் கிடைக்கும் ஸ்டாக் 128 கேபிதான். ஜிலிப்சியில் அது யூலிமிட் -எஸ் மதிப்பிலிருந்து வருகிறது, வழக்கமாக 8 எம்பி. மேக்கில் துணைத் திரெடுக்கு 512 கேபி. 256 கேபி பஃபரை லோக்கலாக வைத்தால் ஆல்பைனில் ஃபங்ஷனுக்குள் நுழைந்ததும் ஸ்டாக் எல்லையில் உள்ள காவல் பக்கத்தை மிதித்து விழும். வால்கிரைண்ட் சொல்லாததில் வியப்பில்லை, ஜிலிப்சியில் அது பிழையே அல்ல.

பஃபரை ஹீப்புக்கு மாற்றுங்கள். கூடவே பிதிரெட்_ஆட்டர்_செட்ஸ்டாக்சைஸ் அழைத்து 1 எம்பி என்று வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள், அது தரும் மதிப்பையும் சோதியுங்கள். பக்க அளவின் மடங்காக இல்லாத எண்ணைச் சில சிஸ்டங்கள் மறுத்துவிடும். ஆப்பிள் சிலிக்கானில் பக்கம் 16 கேபி. மறுத்ததைக் கவனிக்காமல் விட்டால் பழைய 512 கேபியிலேயே ஓடும். எங்கே பெரிய ஸ்டாக் ஃப்ரேம் இருக்கிறது என்று கண்டுபிடிக்க -டபிள்யூஃப்ரேம்-லார்ஜர்-தேன்=16384 கொடுத்துக் கட்டிப் பாருங்கள்.

நான்கு: பிழை எண்ணைச் சொல்லாக்கும் ஸ்ட்ரெரர்_ஆர். _க்னூ_சோர்ஸ் இருந்தால் ஜிலிப்சியில் அது சார் பாயிண்டர் தரும். போசிக்ஸ் சொல்வது இன்ட்: வெற்றி என்றால் 0. மஸில், பிஎஸ்டி, மேக் எல்லாம் போசிக்ஸ் வழி. உங்கள் நிரல் அது தருவதை நேராக %எஸ்-க்குக் கொடுக்கிறது. வெற்றி 0, அது நல் பாயிண்டராகத் தெரிகிறது, மஸில் "(நல்)" என்று அச்சிடுகிறது. தோல்வி என்றால் 34 என்ற முகவரியைப் படிக்கப்போய் விழும்.

தலைகீழ்ப் பிழையும் உண்டு. போசிக்ஸ் முறையில் "0 இல்லை என்றால் தோல்வி" என்று எழுதி, ஜிலிப்சியில் _க்னூ_சோர்ஸோடு கட்டினால் ஒவ்வொரு முறையும் தோல்வி என்றே வரும். இதை மட்டும் தனி .சி கோப்பில், பஃபரை நிரப்பித் தரும் ஒரு சிறு ஃபங்ஷனாக எழுதுங்கள். அந்தக் கோப்பில் _க்னூ_சோர்ஸ் நீக்கி, _போசிக்ஸ்_சி_சோர்ஸ்=200112எல் வைத்தால் எல்லா இடத்திலும் இன்ட்தான். லிங்கர்லிங்கம் சொன்ன "எல்லாக் கோப்புக்கும் ஒன்றாக" என்பதற்கு இது ஒன்றுதான் விலக்கு. இந்தக் கோப்பில் ஸ்ட்ரக்ட் எதுவும் கடந்து போகாததால் பயமில்லை.

நீங்கள் கேட்காதது ஒன்று, ஆனால் உங்கள் நிரலில் நிச்சயம் இருக்கும். பைனரி செய்தியை எப்படிப் பிரிக்கிறீர்கள்? பஃபர் + 5 என்ற இடத்தை யூஇன்ட்32_டி பாயிண்டராகக் காஸ்ட் செய்து படித்தால், அது 4இன் மடங்கல்லாத முகவரி. எக்ஸ்86 பொறுத்துக்கொள்ளும், ஸ்பார்க் பஸ் எரர் தரும். எக்ஸ்86 மட்டும் போதும் என்றாலும் நம்ப முடியாது: லூப்பைக் கம்பைலர் வெக்டராக்கும்போது முகவரி ஒழுங்காக இருப்பதாக நம்பி அதற்கேற்ற கட்டளையைப் போடும், -ஓ3இல் விழும். அலையாசிங் விதியும் (ஒரு டைப்பில் உள்ள நினைவகத்தை வேறு டைப்பாகப் படிக்கக் கூடாது என்பது) மீறப்படுகிறது.

பைட் பைட்டாக எடுத்து நகர்த்திச் சேர்ப்பதே நேர் வழி. பி[0]ஐ 24 பிட் இடது நகர்த்து, பி[1]ஐ 16, பி[2]ஐ 8, பி[3]ஐ அப்படியே, நான்கையும் அல்லது-குறியால் சேர். நகர்த்துவதற்கு முன் ஒவ்வொன்றையும் யூஇன்ட்32_டி ஆகக் காஸ்ட் செய்ய வேண்டும். இல்லையேல் பி[0] இன்ட் ஆக உயர்த்தப்படும்; அது 128 அல்லது அதற்கு மேல் இருந்தால் 24 பிட் நகர்த்தும்போது குறி பிட்டில் போய் விழும். பிறகு அதை 64 பிட் மாறியில் போட்டால் மேல் 32 பிட்டும் ஒன்றுகளாக நிரம்பும். 2 ஜிபிக்கு மேற்பட்ட நீளம் வரும் வரை இது தெரியாது. வேகம் குறையுமோ என்ற கவலை வேண்டாம். ஜிசிசியும் கிளாங்கும் இந்த வடிவத்தை அடையாளம் கண்டு ஒரு லோடு, ஒரு பைட் திருப்பல் என்று சுருக்கிவிடும். சிஸ்டத்துக்குச் சிஸ்டம் இடம் மாறும் என்டியன்.ஹெச் தேவையே இல்லை.

அச்சிடும் இடங்கள்: இன்ட்64_டி லினக்ஸ் 64இல் லாங், மேக்கிலும் ஓப்பன்பிஎஸ்டியிலும் லாங் லாங். டைம்_டி ஓப்பன்பிஎஸ்டியில் 5.5 பதிப்பிலிருந்து, அதாவது 2014 முதல், 32 பிட் மெஷினிலும் 64 பிட். %எல்டி என்று எழுதியவற்றை லாங் லாங் ஆகக் காஸ்ட் செய்து %எல்எல்டி ஆக்குங்கள். சைஸ்_டிக்கு %இசட்யூ.

சோதனை: ஜிலிப்சி லினக்ஸில் -எஃப்சானிடைஸ்=அட்ரஸ்,அன்டிஃபைன்ட் போட்டுச் சோதனைகளை ஓட்டினால் அலைன்மென்ட், நகர்த்தல் பிழைகள் வரி எண்ணோடு வரும். பிறகு எஸ்390எக்ஸ் குறுக்குக் கம்பைலரில் ஸ்டாட்டிக்காகக் கட்டி, வேறு செயலியைப் போல நடிக்கும் கியூஎம்யூவின் யூசர் மோடில் ஓட்டுங்கள். பிக் எண்டியன் (மேல் பைட் முதலில் வரும் வரிசை), குறியற்ற சார், இரண்டும் ஒரே ஓட்டத்தில் சோதனையாகிவிடும்.

---

சாளரமில்லாதவன்

ஐந்தும் தீர்ந்தன. திரெடில் 300 கேபி அர்ரே இருந்தது. -நோ-பை கொடியும் இருந்தது. பிரித்தெடுக்கும் பகுதியை எஸ்390எக்ஸில் ஓட்டியதில் மேலும் இரண்டு இடம் சிக்கின. இப்போது மிச்சம்:

அ. ஃப்ரீபிஎஸ்டியிலும் மேக்கிலும் இணைப்பு ஏற்றவுடன் ரீட் -1 தந்து, இணைப்பு மூடப்படுகிறது. எர்நோ ஈஅகெய்ன் ("இப்போது தரவு இல்லை, பிறகு முயல்"). கேட்கும் சாக்கெட் நான்பிளாக்கிங், போல் வைத்துக் காத்திருக்கிறோம். லினக்ஸில் இப்படி வருவதில்லை.

ஆ. மேக்கில் செம்_இனிட் -1 தருகிறது.

இ. மேக்கில் மட்டும் லாக்கில் எண்கள் எல்லாம் குப்பை. லாக் ஃபங்ஷனை ஒரு ஃபங்ஷன் பாயிண்டர் வழியாக அழைக்கிறோம்.

ஸ்ட்ர்எல்சிபிஒய் இருக்கிறதா என்று சோதிக்க ஆட்டோகான்ஃப் கொண்டுவரலாமா?

---

லிங்கர்லிங்கம்

அ: பிஎஸ்டி வழியில வர்ற சிஸ்டங்கள்ல, அக்செப்ட் தர்ற புது சாக்கெட் கேட்கிற சாக்கெட்டோட ஓ_நான்பிளாக்கை அப்படியே எடுத்துக்கும். லினக்ஸ்ல எடுத்துக்காது. அக்செப்ட் ஆனதும் எஃப்சிஎன்டிஎல்ல கொடியைப் படிச்சு, உங்களுக்கு என்ன வேணுமோ அதை வெளிப்படையா வெச்சுடுங்க. ரெண்டு பக்கமும் சரியாயிடும், இஃப்டெஃப் வேண்டாம்.

கூடவே இதையும் பாருங்க. சென்ட்ல எம்எஸ்ஜி_நோசிக்னல் போட்டிருந்தா, எல்லா மேக் பதிப்புலயும் அது கிடைக்கும்னு எண்ணாதீங்க. மூடின இணைப்புல எழுதினா வர்ற சிக்பைப்பை நிரல் தொடங்கும்போதே இக்னோர் பண்ணிடுங்க, எங்கேயும் செல்லும்.

ஆ: மேக்ல பெயரில்லாத செமஃபோர் கிடையாது. ஹெடர்ல இருக்கும், லிங்க் ஆகும், ஓட்டினா ஈநோசிஸ் ("இந்த வசதி இல்லை"). இதனாலதான் "கம்பைல் ஆகுதே"ங்கிறதை நம்பக்கூடாது. ஒரு மியூடெக்ஸ், ஒரு கண்டிஷன் மாறி, ஒரு எண்ணி வெச்சு நீங்களே செமஃபோர் எழுதிக்கோங்க, முப்பது வரி தாண்டாது. எல்லா சிஸ்டத்துலயும் அதையே பயன்படுத்துங்க. நேரக்கெடுவோட காத்திருக்கணும்னா கவனம்: பிதிரெட்_கான்ட்ஆட்டர்_செட்கிளாக்கும் மேக்ல இல்லை. அங்கே பிதிரெட்_கான்ட்_டைம்ட்வெயிட்_ரிலேட்டிவ்_என்பி இருக்கு. உங்க நிரல்ல இஃப்டெஃப் நியாயமா வர்ற இடம் இது ஒண்ணா இருக்கும்.

ஆட்டோகான்ஃப்? 14,000 வரிக்கு வேண்டாம்ங்கிறது என் கருத்து. சோதிக்க வேண்டிய ஃபங்ஷன் பத்துகூட இருக்காது. மேலே சொன்ன ஷெல் ஸ்க்ரிப்ட்ல, ஃபங்ஷனுக்கு ஒரு மூணு வரி .சி கோப்பு எழுதி, கம்பைல் + லிங்க் பண்ணிப் பாத்து, ஆச்சுன்னா கான்ஃபிக்.ஹெச்ல ஹேவ்_ஸ்ட்ர்எல்சிபிஒய் எழுதுங்க. இல்லாத சிஸ்டத்துக்குக் காம்பேட் ஃபோல்டர்ல சொந்த நகல்.

---

நெடுங்கணக்கு

ஆட்டோகான்ஃபோ ஸ்க்ரிப்டோ, இரண்டிலும் ஒரே குழி இருக்கிறது. சோதனை நிரலே தவறாக எழுதப்பட்டிருந்தால், ஃபங்ஷன் இருந்தும் "இல்லை" என்று பதில் வரும், கட்டுமானம் அமைதியாக வேறு பாதையில் போகும். எக்ஸிட்டை ஹெடர் இல்லாமல் அழைக்கும் பழைய சோதனைகள் ஜிசிசி 14இல் இப்படித்தான் தோற்கின்றன. ஸ்க்ரிப்ட்டின் முதல் சோதனையாக, கண்டிப்பாக வெற்றி பெற வேண்டிய ஒன்றையும் கண்டிப்பாகத் தோற்க வேண்டிய ஒன்றையும் வையுங்கள். இரண்டில் ஏதாவது மாறி வந்தால் அங்கேயே நிறுத்தட்டும். கம்பைலரின் எரரைத் தூக்கி எறியாமல் ஒரு கோப்பில் சேர்த்து வையுங்கள். சிஸ்டத்துக்குச் சிஸ்டம் கான்ஃபிக்.ஹெச்சை டிஃப் செய்து பாருங்கள், எதிர்பாராத வரி ஒன்றாவது கண்ணில் படும்.

லிங்க் மட்டும் பார்த்து முடிவெடுக்க வேண்டாம். ஆட்டோகான்ஃபின் ஏசி_செக்_ஃபங்க்ஸ் அதைத்தான் செய்கிறது: பெயர் லைப்ரரியில் இருக்கிறதா என்று மட்டும் பார்க்கும், உங்கள் மேக்ரோக்களின் கீழ் ஹெடரில் அது தெரிகிறதா என்று பார்க்காது. இரண்டும் வேண்டும்.

சொந்த நகலுக்கு ஸ்ட்ர்எல்சிபிஒய் என்றே பெயர் வைக்காதீர்கள். 2023இல் வந்த ஜிலிப்சி 2.38 அதைச் சேர்த்துக்கொண்டதும், அதே பெயரில் ஸ்டாட்டிக் ஃபங்ஷன் வைத்திருந்த நிரல்கள் கம்பைல் ஆகாமல் நின்றன. உங்கள் முன்னொட்டோடு ஒரு பெயர் கொடுத்து, சிஸ்டத்தில் இருந்தால் உள்ளே அதை அழையுங்கள்.

இனி இ. லாக் ஃபங்ஷனின் அறிவிப்பில் கடைசியில் மூன்று புள்ளி (எத்தனை ஆர்க்யுமென்டும் வரலாம் என்ற குறி) இருக்கும். ஃபங்ஷன் பாயிண்டரின் டைப்பில் அது இருக்காது, நடுவில் ஒரு காஸ்ட் இருக்கும். எக்ஸ்86-64இலும் ஆர்ம்64 லினக்ஸிலும் மூன்று புள்ளிக்கான ஆர்க்யுமென்டுகளும் சாதாரண ஆர்க்யுமென்டுகள் போகும் அதே ரெஜிஸ்டர்களில்தான் போகின்றன, எனவே பொருத்தமில்லாமலே ஓடும். ஆப்பிளின் ஆர்ம்64 வழக்கு வேறு: மூன்று புள்ளியில் வருபவை எல்லாம் ஸ்டாக்கில் மட்டுமே போகும். அழைக்கும் பக்கம் பாயிண்டர் டைப்பை நம்பி ரெஜிஸ்டரில் வைக்கிறது, வாங்கும் பக்கம் ஸ்டாக்கில் தேடுகிறது, அங்கே கிடக்கும் பழைய மதிப்பை எடுத்து அச்சிடுகிறது. ஃபார்மட் சரம் மட்டும் சரியாக வருவது, அது பெயரிட்ட ஆர்க்யுமென்ட் என்பதால்.

பாயிண்டர் டைப்பிலும் மூன்று புள்ளியைச் சேருங்கள், காஸ்டை நீக்குங்கள். கிளாங்கில் -டபிள்யூகாஸ்ட்-ஃபங்ஷன்-டைப்-ஸ்ட்ரிக்ட் போட்டால் இப்படிப்பட்ட மற்ற இடங்களும் தெரியும். ஜிசிசியின் -டபிள்யூஎக்ஸ்ட்ராவில் அடங்கிய -டபிள்யூகாஸ்ட்-ஃபங்ஷன்-டைப், மூன்று புள்ளி உள்ள டைப்பில் தொடக்க ஆர்க்யுமென்டுகளை மட்டுமே ஒப்பிடும், ஆகவே வார்னிங்கைச் சுழியாக்கியபோது இது தப்பியிருக்கலாம்; வாய்ட் பாயிண்டர் வழியாகச் சுற்றி வருகிறதா என்றும் பாருங்கள். டிஎல்சிம் தருவதை வாங்கும் இடமாக இருந்தால் கம்பைலர் உதவாது, கண்ணால்தான் பார்க்க வேண்டும்.

அந்த லாக் ஃபங்ஷனைத் திறந்திருக்கும்போதே, மூன்று புள்ளி ஆர்க்யுமென்டுகளை எடுக்க உதவும் விஏ_லிஸ்டையும் பாருங்கள். ஒரே விஏ_லிஸ்டை விஎஃப்பிரிண்ட்எஃப்-க்கு இரண்டு முறை, திரைக்கு ஒன்று கோப்புக்கு ஒன்று என்று கொடுத்தால், அது வெறும் பாயிண்டராக இருக்கும் மேக்கில் ஓடிவிடும். எக்ஸ்86-64இல் அது அர்ரே டைப், முதல் அழைப்பு அதை நகர்த்திவிடும், இரண்டாவது அச்சு குப்பையாகும். இப்போது மேக்கில் திருத்தி அங்கேயே சோதித்துவிட்டு லினக்ஸுக்குத் திரும்பினால் அதில் மாட்டுவீர்கள். இரண்டாவது அழைப்புக்கு விஏ_காப்பி, முடிந்ததும் அதற்கும் தனியே விஏ_எண்ட்.